பெயர் அழிந்த சிப்பை அடையாளம் காண்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் புதிதாக ஒரு முகம் தெரிந்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். எந்த டிவிஷன், எந்த லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் வந்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துபோகும். பெயர் நாலாவதாக வரும். சில நேரம் அது தேவையே படாது.

ஒரு மலிவு அடாப்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகில் ஓரெழுத்துக்கூட இல்லாத சிப்பைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்விகள்தான் எனக்குக் கைகொடுத்தன.

ஹட்டனில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கிறார். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 கால் கொண்ட ஒரு சொக்கெட் இருக்குமே, அதில் குத்தினால் புளூடூத் வழியாக எஞ்சின் விவரங்களைப் போனுக்கு அனுப்பும் நீல நிற அடாப்டர் ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்கி வந்திருந்தார். இரண்டாயிரம் ரூபாகூட இல்லை. "தம்பி, வெகன் ஆர்ல குத்தினா நல்லா பேசுது. அந்த 2003 கார்ல மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாரு" என்று என் கையில் கொடுத்தார். மேலே "ஈஎல்எம்327 வி2.1" என்று பளபளப்பாக அச்சடித்திருந்தது. உள்ளே இருந்த பெரிய சிப்பில் அந்தப் பெயரும் இல்லை, வேறு பெயரும் இல்லை.

சிப்புக்குப் போகும் முன், அந்தப் பெட்டி செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காரின் கணினிகள் தங்களுக்குள் ஒரு மொழியில் பேசுகின்றன. புதிய வாகனங்களில் அது பெரும்பாலும் கேன் எனப்படும் இரண்டு கம்பி மொழி. ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. கேன் பரவலாவதற்கு முந்திய வாகனங்கள் பலவற்றில் கே-லைன் என்ற ஒற்றைக் கம்பி மொழி. போனுக்கு இரண்டுமே தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்தும் எண்ணும்தான். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கங்காணி நின்றதுபோல, இவற்றுக்கு நடுவில் இந்த அடாப்டர் நிற்கிறது. (இந்தக் கங்காணி சம்பளத்தில் கை வைப்பதில்லை என்பது ஒரு ஆறுதல்.)

அந்த வேலைக்குப் பேர்போன சிப்தான் ஈஎல்எம்327. 2000களின் நடுப்பகுதியில் கனடாவின் எல்ம் எலெக்ட்ரோனிக்ஸ் என்ற சிறு நிறுவனம் கொண்டுவந்தது. ஆனால் எல்ம் நிறுவனம் சிலிக்கனை வடித்துச் சிப் செய்யவில்லை. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்18எஃப்2480 என்ற மைக்ரோகொன்ட்ரோலரை (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) வாங்கி, அதற்குள் தன் புரோகிராமை ஏற்றி, தன் பெயரில் விற்றது. ஆக, "ஈஎல்எம்327" என்பது தொடக்கத்திலிருந்தே அந்தப் புரோகிராமின் பெயர். சிப்பின் பிறப்புப் பெயர் வேறு.

முதல் பதிப்பில் ஒரு தவறும் நடந்துவிட்டது. புரோகிராமை யாரும் வெளியே எடுக்காதபடி தடுக்கும் பூட்டு அந்தச் சிப்பிலேயே உண்டு. அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். பிரதி எடுத்தவர்கள் எடுத்தார்கள். உலகம் முழுக்க நகல்கள் பெருகின. எல்ம் நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத "1.5" என்ற பதிப்புக்கூடச் சந்தைக்கு வந்தது. மூல நிறுவனம் 1.4 வரிசையிலிருந்து நேராக 2.0க்குத் தாவியிருந்தது. 2022இல் அது கடையையே மூடிவிட்டது. நகல்கள் இன்னும் விற்கின்றன.

இதனால்தான் "இது என்ன சிப்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் போதாது. பெட்டியில் அச்சடித்த பெயர் ஒன்று, உள்ளே ஓடும் புரோகிராம் சொல்லும் பெயர் ஒன்று, சிலிக்கனின் உண்மைப் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமே இல்லை. தேயிலைப் பைக்கற்றில் பிஓபிஎஃப் என்ற தரத்தைப் போட்டுவிட்டு உள்ளே அதைவிடக் குறைந்த டஸ்ட் தரத்தை அடைத்திருந்தால், பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் படித்து என்ன பயன்?

முதலில் கண்ணால்

அடாப்டரைக் காரிலிருந்து கழற்றிய பிறகுதான் திறக்க வேண்டும். சொக்கெட்டின் 16ஆம் காலில் பற்றரியின் 12 வோல்ட் எப்போதும் நிற்கும், சாவியைத் திருப்பாவிட்டாலும். ஸ்க்ரூட்ரைவர் ஒருமுறை வழுக்கினால் கார் ஃபியூஸ் போய்விடும்.

பல சிப்களில் எழுத்து இருக்கும், ஆனால் தெரியாது. லேசரால் மிக மெல்லிதாகப் பொறித்திருப்பார்கள். டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து நிழலாக எழும். வெண்கட்டியை மேலே தேய்த்து விரலால் மெதுவாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாத மூன்றாவது வழி: சிப்பின் மேல் வாயால் ஊதுவது. மூச்சின் ஈரம் படியும்போது பொறித்த இடமும் பொறிக்காத இடமும் வேறு வேறாக மங்கும். இரண்டு மூன்று விநாடிக்கு எழுத்து தெளிவாகத் தெரியும். நுவரெலியாவில் காலை ஆறு மணிக்கு இது அற்புதமாக வேலை செய்யும். கொழும்பு வெயிலில் அவ்வளவாக இல்லை. போன் கெமராவைத் தயாராக வைத்துக்கொண்டு ஊதுங்கள்.

எழுத்து கிடைத்தால் முன்னெழுத்தே பாதிக் கதையைச் சொல்லும். "பிக்", "எம்சிபி" என்றால் மைக்ரோசிப். "எஸ்டிஎம்" என்றால் எஸ்டி மைக்ரோ. "டிஜேஏ" என்றால் என்எக்ஸ்பி. "சிஎச்" என்று தொடங்கி 340 போன்ற எண் வந்தால் சீனத்து டபிள்யூசிஎச், "பிகே" என்றால் பெக்கன். அடுத்த வரியில் நான்கு இலக்கம் தனியாக நின்றால் அது பெரும்பாலும் பிறந்த திகதி: 1432 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். அதைச் சிப்பின் பெயர் என்று நினைத்துத் தேடித் தேடி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியவன் நான்.

சில சிப்களில் மேற்பரப்பையே தேய்த்து அழித்திருப்பார்கள். சிலவற்றில் கறுப்பு மை பூசி மேலே வேறு பெயர் அச்சடித்திருப்பார்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோன் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பூச்சு கறுப்பாகப் பஞ்சில் வரும். அசிற்றோன் பிளாஸ்டிக் பெட்டியையும் கரைக்கும்; அதனால் பலகையை வெளியே எடுத்த பிறகு செய்யுங்கள். எல்லாவற்றையும்விட மோசம், பலகையில் கறுப்புத் தார்த்துளி ஒன்று மட்டும் ஒட்டியிருப்பது. சிலிக்கனை நேரடியாகப் பலகையில் வைத்து மேலே எபொக்சி ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு முதுகும் கிடையாது, கால்களும் கிடையாது.

எங்கள் நீல அடாப்டரில் டோர்ச், வெண்கட்டி, மூச்சு எதுவும் பலிக்கவில்லை. முதுகு வெறும் கறுப்பு.

அப்புறம் அக்கம்பக்கத்தில் விசாரணை

ஆள் பேச மாட்டேன் என்றால் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். சிப்பின் அக்கம்பக்கத்தார் என்றால் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன உறுப்புகள். அவற்றின் பெயரை அழிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

வெள்ளி நிற உலோக மூடி போட்ட பளிங்கைத் தேடுங்கள். சிப்பின் இதயத்துடிப்பைத் தருவது அதுதான். அதன் மேல் மெகாஹெர்ட்ஸ் எண் இருக்கும். 4.000 என்றிருந்தால் பக்கத்தில் இருப்பது பழைய ஈஎல்எம் வடிவமைப்பைப் பின்பற்றும் பிக் சிப் என்று ஊகிக்கலாம். 24, 26 என்றிருந்து, பலகை ஓரத்தில் பாம்புபோல் நெளிந்த செம்புக் கோடும் இருந்தால் அந்தச் சிப் புளூடூத் வேலை செய்கிறது. நெளிந்த கோடு அதன் அன்டெனா. யுஎஸ்பி வயர் உள்ள அடாப்டரில் 16 கால் சிப்புக்குப் பக்கத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் அது சிஎச்340ஜியாக இருக்க நல்ல வாய்ப்பு. எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர்எல் என்றால் பளிங்கே வேண்டாம், கடிகாரம் அதன் உள்ளேயே இருக்கிறது. யுஎஸ்பி சிப்பை உறுதி செய்ய இன்னும் சுலபமான வழி கணினியில் குத்திப் பார்ப்பது. சாதன விவரத்தில் தயாரிப்பாளர் எண் 1ஏ86 என்றால் டபிள்யூசிஎச், 0403 என்றால் எஃப்டிடிஐ. ஆனால் எஃப்டிடிஐக்கும் போலிகள் உண்டு. 2014இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஒரு டிரைவர் போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூச்சியமாக்கி அவற்றைச் செயலிழக்க வைத்துப் பெரிய சர்ச்சையானது.

சரி, இப்போது கால்கள். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. பெயரை அழிக்கலாம், காலை மாற்ற முடியாது. மாற்றினால் வேலை செய்யாது.

சிப்பின் ஒரு மூலையில் சிறு புள்ளியோ ஒரு முனையில் அரைவட்ட வெட்டோ இருக்கும். அந்த முனையை மேலே வைத்துப் பிடித்தால் இடது மேல் மூலையில் இருப்பது 1ஆம் கால். அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கமாக மேலே ஏற வேண்டும், கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். பிறகு மல்டிமீட்டரைப் பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் காரில் குத்தும் பிளக்கின் காலிலும் மறு முனையைச் சிப்பின் காலிலும் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பீப் வந்தால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மின்சாரம் எதுவும் இணைத்திருக்கக் கூடாது.

பிளக்கில் தெரிந்திருக்க வேண்டிய கால்கள் கொஞ்சம்தான். 4உம் 5உம் கிரவுண்ட், 16 பற்றரி, 6உம் 14உம் கேன், 7 கே-லைன். பலகையில் 8 கால் குட்டிச் சிப் ஒன்று இருந்து, அதன் 7ஆம் கால் பிளக்கின் 6க்கும், அதன் 6ஆம் கால் பிளக்கின் 14க்கும் போகிறதா? அப்படியானால் அது கேன் ட்ரான்சீவர், பெயர் எதுவாக இருந்தாலும் சரி. எம்சிபி2551, டிஜேஏ1050 இரண்டுக்கும் கால் வரிசை இதே மாதிரிதான். கேன் கம்பியை நேரடியாகத் தொட்டுச் செய்தியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிப் அது. மூளை அதில் இல்லை. அதன் 1ஆம், 4ஆம் கால்கள் எங்கே போகின்றன என்று தொடர்ந்தால் மூளையின் வாசலுக்கு வந்துவிடுவீர்கள்.

என்னிடம் கிடந்த பழைய யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தேன். அதிலும் 28 கால் சிப்பின் பெயரைத் தேய்த்திருந்தார்கள். ஆனால் 8உம் 19உம் கிரவுண்டுக்குப் போயின, 20க்கு 5 வோல்ட், 9க்கும் 10க்கும் நடுவில் 4 மெகாஹெர்ட்ஸ் பளிங்கு, 23 ட்ரான்சீவரின் 1க்கும் 24 அதன் 4க்கும். இது அச்சு அசலாக பிக்18எஃப் குடும்பத்தின் 28 கால் வரிசை. குடும்பம் தெரிந்துவிட்டது, பிள்ளை யார்? அதைச் சொன்னது 6ஆம் கால். அங்கிருந்து ஒரு கெப்பாசிட்டர் நேராகக் கிரவுண்டுக்குப் போயிருந்தது. பழைய 2480இல் அந்தக் காலில் அப்படி ஒன்று வேண்டியதில்லை. அதே குடும்பத்தின் 25கே80இல் கட்டாயம் வேண்டும், அதன் உள் மின்னழுத்தத்தை நிலைப்படுத்த. ஆக, பெயரைப் படிக்காமலே பிக்18எஃப்25கே80ஆகத்தான் இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. நல்ல நகல்களில் இருப்பது இதுதான். பிக்கிட் போன்ற, சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி கையில் இருந்தால் 1, 27, 28ஆம் கால்களில் இணைத்துச் சிப்பின் அடையாள எண்ணை நேரடியாகவே வாசிக்கலாம்; புரோகிராமுக்குப் பூட்டுப் போட்டிருந்தாலும் அந்த எண்ணை வாசிப்பதற்குத் தடையில்லை.

நீல அடாப்டருக்குத் திரும்புவோம். அதிலும் 8 கால் கேன் ட்ரான்சீவர் இருந்தது. பெரிய சிப் தனியே ஒன்றுதான். பக்கத்தில் 24 மெகாஹெர்ட்ஸ் பளிங்கு, நெளிந்த அன்டெனா. பழைய ரவுட்டர் ஒன்றின் 12 வோல்ட் அடாப்டரைப் பிளக்கின் 16க்கும் 4க்கும் கொடுத்து அளந்தபோது அந்தச் சிப்புக்குப் போனது 3.3 வோல்ட். பழைய ஈஎல்எம் வடிவமைப்பு 5 வோல்ட்டில் ஓடுவது. ஆக, இதில் பிக் சிப்பே கிடையாது. புளூடூத் சிப் ஒன்றுக்குள்ளேயே ஈஎல்எம் மாதிரிப் பேசும் புரோகிராமையும் அடைத்து, ஒரே ஆளை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். செலவு குறைவு.

அடுத்துப் பிளக்கின் 7ஆம் காலைத் தொட்டேன். பீப் எங்கேயும் வரவில்லை. கே-லைன் வேலை செய்யும் அடாப்டரில் அந்தக் காலருகே ஒரு ட்ரான்சிஸ்டரும், காரின் 12 வோல்ட்டிலிருந்து வரும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். எல்ம் நிறுவனத்தின் மாதிரிச் சுற்றில் அந்த ரெசிஸ்டர் 510 ஓம். மேலே 511 என்று எழுதியிருக்கும், 51க்குப் பின் ஒரு பூச்சியம் என்று பொருள். என் யுஎஸ்பி அடாப்டரில் 511 இரண்டு இருந்தன. நீல அடாப்டரில் ஒன்றுகூட இல்லை. அந்த 2003 கார் பேசுவது கே-லைனில். காது வைக்காத இடத்தில் அது எவ்வளவு கத்தினாலும் இந்தச் சிப்புக்குக் கேட்கப் போவதில்லை.

இதே பீப் சோதனை இன்னொரு ஏமாற்றையும் காட்டிக்கொடுக்கும். எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லி இதே சொக்கெட்டில் குத்த விற்கும் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா? சிலவற்றைத் திறந்தால் கேன் கால்களுக்கும் சிப்புக்கும் நடுவில் ட்ரான்சீவரே இருக்காது. விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரியும்.

கடைசியாக அதனிடமே கேட்பது

சிப்பிடம் நேராகக் கேட்கவும் முடியும். போனில் ஒரு புளூடூத் டெர்மினல் ஆப் (கட்டளையைத் தட்டச்சு செய்து அனுப்பிப் பதிலைப் பார்க்கும் ஆப்) போதும். கடவு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. (அதனால்தான் இதைக் காரிலேயே குத்தி விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறேன். பக்கத்தில் நிற்கும் யாரும் இணைந்துகொள்ளலாம், பற்றரியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.) ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு தொடங்கும் கட்டளைகளை இது ஏற்கும்; பழைய தொலைபேசி மோடம்களிலிருந்து வந்த பழக்கம் அது. "ஏடிஐ" என்று அனுப்பினால் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும். நீல அடாப்டர் கூச்சமே இல்லாமல் "ஈஎல்எம்327 வி2.1" என்றது.

இந்தப் பதிலை நான் சாட்சியாக எடுப்பதில்லை. யாரும் தன் வாயால் தன்னைக் குறைத்துச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக வேலை கொடுத்துப் பார்க்கலாம். "ஏடிபிபிஎஸ்" என்று கேட்டால் உண்மையான 2.1 தன் உள் அமைப்புகளை நீண்ட பட்டியலாகக் கொட்டும். தெரியாத கட்டளைக்கு ஈஎல்எம் மொழியில் பதில் ஒற்றைக் கேள்விக்குறி. நீல அடாப்டர் கேள்விக்குறியைத்தான் காட்டியது. என் யுஎஸ்பி அடாப்டர் தன்னை 1.5 என்று சொல்லிக்கொள்ளும், அதாவது பிறக்காத பதிப்பின் பெயரைச் சொல்லும். ஆனால் பட்டியலை ஒழுங்காகத் தந்தது. எண் பெரிதாக இருக்கும் மலிவு நகலைவிட 1.5 என்று பொய் சொல்லும் நகலே நன்றாக வேலை செய்வதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். நானும்தான்.

காரோடு உண்மையாகவே பேசுகிறதா என்று பார்க்க மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. 0133 என்று அனுப்பினால் கார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொல்லும். எல்லாக் கார்களும் இதற்குப் பதில் தராது, தந்தால் சுவாரசியம். கடல் மட்டத்தில் அது 101 அளவில் இருக்கும். சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 81க்குப் பக்கத்தில் வர வேண்டும். பதில் "41 33 51" என்று வந்தால் 41 33 என்பது கேள்வியின் எதிரொலி, 51தான் விடை. அது பதினாறின் அடிப்படையில் எழுதிய எண்: 5ஐப் பதினாறால் பெருக்கி 1ஐக் கூட்டினால் 81. வெகன் ஆரை ஹட்டனில் நிறுத்தி நாங்கள் கேட்டபோது 57 வந்தது, அதாவது 87. ஹட்டனின் 1,271 மீற்றருக்கு அதுதான் சரியான கணக்கு. ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிறதா என்று பார்க்க 0105. "41 05 82" என்றால் 82ஐ அதேபோல் மாற்றி 130, அதிலிருந்து 40ஐக் கழித்தால் 90 பாகை.

ஆக, கேன் பக்கத்தில் அந்த நீல அடாப்டர் பொய் சொல்லவில்லை. தெரிந்த வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்தச் சிப்பை எந்த நிறுவனம் செய்தது, மொடல் எண் என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அண்ணனிடம் அதைச் சொன்னபோது, "பேரு கெடக்கட்டும் தம்பி, எந்தக் காருக்கு ஆவும், எந்தக் காருக்கு ஆவாது? அத எழுதிக் குடு" என்றார். 2.1 என்று அச்சடித்திருந்த இடத்தின் மேல் பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டி, பேனாவால் "கேன் மட்டும். 7ஆம் கால் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பழைய காருக்கு என் யுஎஸ்பி அடாப்டர் கராஜுக்குப் போய்விட்டது, இன்னும் திரும்பி வரவில்லை.